செய்முறைப் பயிற்சியில் சோதனை சொதப்பினால் எங்கே தேடுவது?

முந்தின நாள் இரவு வீட்டு மேசையில் அழகாக எரிந்த பல்பு, மறுநாள் முப்பது ஆசிரியர்கள் முன்னால் எரியாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம். அதே பழுதுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், எது நடந்தால் எதை முதலில் பார்ப்பது என்று எனக்கு ஒரு வரிசை படிந்துவிட்டது. அதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில் வரும். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பத்தில் எட்டு முறை பழுது அங்கேதான் இருக்கும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பழுது பார்ப்பதை ஆசிரியர்கள் கண்முன்னால் செய்யுங்கள், வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யுங்கள். ஆரம்பத்தில் நான் அப்படிச் செய்யவில்லை. எரியாத பல்பைச் சத்தமில்லாமல் கழற்றி, பையிலிருந்து வேறொன்றைப் போட்டுவிட்டு, "இப்ப பாருங்க டீச்சர்" என்பேன். எரியும். கைதட்டுவார்கள். சில வாரம் கழித்து அவர்களில் ஒருவரைப் பார்த்தேன். "வகுப்புல எரியல சார். பெட்டியை அலமாரியில வெச்சுட்டேன்" என்றார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே விஷயத்தை அன்று நான் பைக்குள் மறைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

## பல்பு எரியவில்லை

முதல் கேள்வி: ஒரு மேசையில் மட்டுமா, எல்லா மேசையிலுமா? இதைக் கேட்காமல் ஒரு மேசைக்கு ஓடினால் அரை மணி நேரம் போய்விடும்.

### ஒரு மேசையில் மட்டும் எரியவில்லை என்றால்

ஒயர் பல்பில் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். டார்ச் பல்புக்கு இரண்டு தொடுமுனைகள்தான். அடியில் உள்ள ஈயப்பொட்டு ஒன்று, பக்கத்தில் உள்ள உலோக மரை இன்னொன்று. இரண்டு ஒயரையும் அடிப்பொட்டிலேயே வைத்து அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். பட்டம் வாங்கியவர்களும் அதைத்தான் செய்வார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியான இடத்தைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு உருப்பெருக்கியையும் எரியாத பல்பையும் கையில் கொடுத்து, உள்ளே இருக்கும் மெல்லிய இழையின் இரண்டு காலும் எங்கே போய் முடிகின்றன என்று வரையச் சொல்லுங்கள். வரைந்து முடிப்பதற்குள் பாதிப் பேர் ஒயரை இடம் மாற்றிவிடுவார்கள்.

அங்கே சரியாக இருந்தால் ஒயரின் நுனியைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரில் சிக்கல் கண்ணுக்குத் தெரியும். செப்புச் சுருள் கம்பியில் தெரியாது. பார்க்கப் பளபளவென்று வெறும் செம்பு போலவே இருக்கும், ஆனால் மேலே மின்சாரத்தை விடாத எனாமல் பூச்சு இருக்கும். உப்புத்தாளை மடித்து நடுவில் கம்பியை வைத்து, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால், தேய்க்காத பக்கம்தான் சொல்லி வைத்தாற்போல் செல்லைத் தொடும். இரண்டு நுனியிலும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நிறம் மாறும் வரை தேய்த்தால் போதும்.

அப்புறம் பல்பு ஹோல்டரில் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு திருகு திருகிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அறுந்த இழையும் உண்டு. அதனால் நல்ல மேசையில் எரியும் பல்பை இங்கே கொண்டுவந்து போடுவதுதான் உறுதியான சோதனை. செல்லையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். பல்பையும் செல்லையும் ஒன்றாக மாற்றினால் எரியும், ஆனால் எது பழுது என்று தெரியாது, கெட்டது மறுபடி நல்லவற்றோடு பெட்டிக்குள் போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மல்டிமீட்டர். புதிய சாதாரண செல் 1.5 வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. தீர்ந்துபோன செல்லும் சும்மா அளந்தால் 1.3, 1.4 என்று நல்ல பிள்ளை போலக் காட்டும். பல்பை இணைத்த நிலையிலேயே அளந்தால் சட்டென்று கீழே இறங்கிவிடும். எப்போதும் சுமையோடு அளங்கள். ஒயரின் உறைக்குள் செம்பு ஒடிந்திருந்தால் மீட்டரில் தொடர்ச்சி பார்க்கும் நிலை அதைச் சொல்லிவிடும்.

### எல்லா மேசையிலும் எரியவில்லை என்றால்

பழுது வாங்கிய இடத்தில் நடந்திருக்கிறது. பல்பின் உலோகக் கழுத்தில் பொடி எழுத்தில் வோல்ட் அளவு இருக்கும், உருப்பெருக்கியால் படியுங்கள். 6 வோல்ட் பல்பை ஒரு செல்லில் மாட்டினால் இழை லேசாகச் சிவக்கும், அல்லது அதுவும் இல்லை. அறையின் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. கையால் மறைத்துப் பார்த்தால் தெரியும். செல்கள் ரீசார்ஜ் வகையா என்றும் பாருங்கள், அவை பொதுவாக 1.2 வோல்ட் தான் தரும்.

டார்ச் பல்பு கிடைக்காமல் எல்.இ.டி. வாங்கியிருந்தால் கதை வேறு. ஒரு செல்லில் எல்.இ.டி. எரியாது. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். இரண்டு செல்லைத் தொடராக வையுங்கள். நீளமான கால் நேர்முனைக்குப் போக வேண்டும். திருப்பி வைத்தால் எரியாது. இரண்டு செல்லுக்கு எல்.இ.டி. கெட்டும் போகாது, கால்களை மாற்றி வைத்தால் போதும். 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக மாட்டினால் மட்டும் ஒரே பளிச்சோடு முடிந்துவிடும்.

எல்லா செல்லும் ஒரே நேரத்தில் தீர்ந்திருந்தால், போன தடவை பெட்டியை அடுக்கிய விதத்தைச் சந்தேகப்படுங்கள். சுவிட்சை அணைக்காமல், செல்லை ஹோல்டரிலேயே விட்டு மூடி வைத்திருப்பார்கள்.

### பல்பு எரியவில்லை, ஆனால் ஒயர் சுடுகிறது

உடனே கழற்றுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். மின்சாரம் பல்பு வழியாகப் போகாமல் குறுக்கு வழியில் ஓடுகிறது. இரண்டு ஒயரும் மரையையே தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது சுவிட்சை பல்புக்குப் பக்கவாட்டில் இணைத்திருக்கலாம். சுவிட்சைப் போட்டால் அணைகிறது, எடுத்தால் எரிகிறது என்று யாராவது வியந்தால் இதுதான் நடக்கிறது. இந்த ஆபத்துக்காகவே பயிற்சிக்கு லித்தியம் ரீசார்ஜ் செல் கொண்டுபோகாதீர்கள். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் அவை தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகலாம். சாதாரண டார்ச் செல் போதும். வீங்கின, கசிந்த செல்களை வெறுங்கையால் தொடாமல் தனியாக ஒதுக்குங்கள்.

### எங்கே நிறுத்துவது

சுவர் பிளக்கில். பயிற்சி அறையின் பிளக்கில் பொறி பறந்தாலோ, மேசையில் இருக்கும் ஏதாவது 'ஷாக்' அடித்தாலோ, அதைத் திறந்து பார்ப்பது நம் வேலையல்ல, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். "அடாப்டர் போட்டு வீட்டு மின்சாரத்தில் செய்யலாமா சார்?" என்று ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருவர் கேட்பார். வேண்டாம். இன்னொன்று, பொத்தான் மாதிரி இருக்கும் தட்டை செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, காத்திருந்து பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை ஆசிரியர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

## மின்காந்தம் குண்டூசியைக்கூட இழுக்கவில்லை

மறுபடி எனாமல்தான் முதல் குற்றவாளி. நுனி தேய்த்திருந்தால், ஆணியில் கம்பியைச் சுற்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள். பாதி சுற்றி, கை வலித்து, எதிர்த் திசையில் மீதியைச் சுற்றியிருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். எண்ணிக்கை இருபதாக இருந்தால் ஐம்பதாக்குங்கள், அடுக்கு மேல் அடுக்காக வந்தாலும் பரவாயில்லை. உறையில்லாத வெறும் கம்பியை ஆணியில் சுற்றியிருந்தால் எத்தனை சுற்றினாலும் பயனில்லை. ஆணியைச் சாதாரண காந்தத்தால் தொட்டுப் பாருங்கள், ஒட்டாத எஃகு ஆணியும் கடையில் இருக்கிறது. சில நொடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள், கம்பி சூடாகும், செல்லும் தீர்ந்துவிடும்.

இணைப்பை எடுத்த பிறகும் குண்டூசி விழாமல் தொங்கினால் அது பழுதல்ல. எஃகு கொஞ்சம் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மென்மையான இரும்பாணி ஒன்றைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

### திசைகாட்டிகள் ஆளுக்கொரு பக்கம் காட்டுகின்றன

மேசைக்கு இரும்புக் கால் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். செல்போன்களையும் காந்தங்களையும் அறையின் இன்னொரு மூலைக்கு அனுப்புங்கள். திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். வெளியிலும் ஒன்று மட்டும் நேர் எதிராக, வடக்கைத் தெற்கு என்று காட்டினால், அது பெட்டிக்குள் காந்தத்தோடு ஒன்றாகக் கிடந்து முனை மாறிப்போனது. வலுவான காந்தத்தின் ஒரு முனையால் கண்ணாடிக்கு மேல் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மாறவில்லை என்றால் மறுமுனையால் இழுங்கள். மூன்று முயற்சியில் திரும்பவில்லை என்றால் "இது தலைகீழ்" என்று ஒரு துண்டு டேப் ஒட்டி, தனிப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் அதைத்தான் மிகவும் விரும்புவார்கள்.

சட்டைக்காந்தம் முதல் ஹோல்டர் காந்தம் வரை புழங்கும் அந்தக் குட்டி வலுக்காந்தங்கள் தொடக்க வகுப்புக்கு வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். அதுவும் உடனடி மருத்துவமனை வேலைதான்.

## தேய்த்த பலூன் காகிதத்தைத் தூக்கவில்லை

காகிதத் துண்டு பெரிதாக இருக்கலாம், அரிசி அளவுக்குக் கிழியுங்கள். பலூனைப் பிடித்த கை வியர்வையில் ஈரமாக இருக்கலாம், துடைத்துவிட்டுப் புதுப் பலூன் எடுங்கள். தேய்த்த இடத்தைக் கையால் தொட்டிருந்தால் போயே போச்சு, மறுபடி தேய்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? அறையின் காற்றுதான் காரணம். காலையில் தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள், முப்பது பேர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள், வெளியே மழை. பலூனையும் துணியையும் தலைமுடி உலர்த்தும் கருவியில் ஒரு நிமிடம் காட்டினால் சில சமயம் கைகொடுக்கும். இல்லாவிட்டால் பாட வரிசையை மாற்றுங்கள். அடைமழையில் நிலைமின்னோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் "மழை நாளில் ஏன் வரவில்லை" என்று ஈர அறையிலும் உலர்ந்த அறையிலும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

## கனமான குண்டு மெதுவாக ஆடுகிறது என்று ஒரு குழு அடித்துச் சொல்கிறது

ஊசல் சோதனையில் எடையை மாற்றினாலும் ஆட்ட நேரம் மாறக் கூடாது. எல்லாக் குழுவும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஒரு குழு மட்டும், "இல்லை, வாஷர் கூடக் கூட நேரம் கூடுது, மூணு தடவை பார்த்தாச்சு" என்று தாளை நீட்டும். அவர்களைத் திருத்தாதீர்கள். அவர்கள் அளந்தது உண்மை.

எண்ணுவதிலிருந்து ஆரம்பியுங்கள். குண்டை விடும்போதே "ஒன்று" என்று சொன்னால், "பத்து" என்னும்போது ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருக்கும். "பூச்சியம்" என்று சொல்லி விடப் பழக்குங்கள். ஒரே ஒரு ஆட்டத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலின் தாமதமே ஏறத்தாழ 0.2 நொடி வரும். பத்து ஆட்டத்தை அளந்து பத்தால் வகுத்தால் அந்தப் பிழை சுருங்கிவிடும். ஒருவர் லேசாகவும் மற்றவர் ரொம்ப அகலமாகவும் இழுத்து விட்டார்களா என்றும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் நேரம் கூடினால், மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நூலின் நுனியைப் பாருங்கள். ஒருமுறை அப்படி உட்கார்ந்தபோதுதான் எனக்கே புரிந்தது. நூலை ஒரு கிளிப்பில் கட்டி, கிளிப்பில் ஒரு வாஷர், அந்த வாஷரில் இன்னொரு கிளிப், அதில் அடுத்த வாஷர் என்று சங்கிலி போலத் தொங்கவிட்டிருந்தார்கள். நூல் நீளம் 25 சென்டிமீட்டர் என்று அழகாக அளந்து எழுதியிருந்தார்கள். ஆனால் ஊசலின் நீளம் குண்டின் நடு வரைக்கும் போகும். ஒவ்வொரு வாஷருக்கும் அந்த நடு கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. 25 சென்டிமீட்டர் ஊசலுக்கு ஒரு முழு ஆட்டம் ஏறத்தாழ 1 நொடி. நடு மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் பத்து ஆட்டத்துக்கு அரை நொடிக்கு மேல் கூடிவிடும். நல்ல ஸ்டாப்வாட்சும் பொறுமையான கையும் அதைக் கண்டுபிடித்துவிடும், அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எல்லா வாஷரையும் ஒரே கொக்கியில் பக்கம் பக்கமாகத் தொங்கவிடச் சொன்னேன். வித்தியாசம் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சங்கிலியை நானே வேண்டுமென்றே ஒரு மேசையில் வைக்கிறேன்.

## சோதனை அருமையாக வந்தது, விளக்கம் தப்பாக வந்தது

இது இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி. எதுவும் பழுதானதாகத் தெரியாது. மற்ற பழுதுகள் பயிற்சி அறையோடு முடிந்துவிடும். இது நேராக வகுப்பறைக்குப் போய், அங்கிருந்து நாற்பது நோட்டுகளுக்குப் போகும்.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு, அதனால் தண்ணீர் அவ்வளவு ஏறியது" என்று அறை முழுக்க ஒரே குரலில் சொல்லும். நான் படித்த காலத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மறுத்துப் பேசாமல் மூன்று பார்வைகளை மட்டும் கேளுங்கள்.

முதலாவது, தண்ணீர் எப்போது ஏறுகிறது? ஆக்சிஜன் எரிந்து தீர்வதுதான் காரணம் என்றால், சுடர் எரியும்போதே சீராக ஏற வேண்டும். உற்றுப் பாருங்கள். சுடர் அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும்.

இரண்டாவது, டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வருகிறதா? தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்தால் நன்றாகத் தெரியும். சூடான காற்று விரிந்து வெளியே தப்பிக்கிறது.

மூன்றாவதுதான் தீர்ப்பு. அதே டம்ளர், அதே தண்ணீர், மெழுகுவர்த்தி மட்டும் ஒன்றுக்குப் பதில் மூன்று. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை. ஆனால் தண்ணீர் மிக அதிகமாக ஏறும். முதல்முறை இதைப் பார்க்கும்போது அறையில் விழும் அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் இங்கே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு முன்பே சுடரும் அணைந்துவிடுகிறது. இதற்கு மேல் கோட்பாட்டுக்குள் போக வேண்டாம். "ஆனா பாடப்புத்தகத்தில..." என்று யாராவது தொடங்கினால், மூன்று மெழுகுவர்த்தியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இதே வகையில் இன்னொன்று. மஞ்சள்தூள் கரைசல் பூசிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுவிட்டு, "நிறம் மாறலையே, தாள் பழசா?" என்பார்கள். தாள் நன்றாகத்தான் இருக்கிறது. மஞ்சள் அமிலத்தைக் காட்டித் தராது. காரத்தால் சிவந்த தாளில் அதே சாற்றை விட்டால் மஞ்சளுக்குத் திரும்பும்.

### எங்கே ஆள் தேடுவது

மேசையில் இன்னொரு சோதனை செய்து தீர்க்க முடியாத விவாதம் வந்தால், கைதூக்கச் சொல்லி முடிவு செய்யாதீர்கள். நீங்களும் ஊகித்துச் சொல்லாதீர்கள். கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி, இயற்பியலோ வேதியியலோ கற்பிக்கும் ஒருவரிடம் கேட்டு, இன்ன நாளைக்குள் பதில் சொல்கிறேன் என்று தேதியோடு வாக்குக் கொடுங்கள். வாக்கைக் காப்பாற்றுங்கள். "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்று பயிற்சி நடத்தும் கருத்தாளர் சொல்வதை ஒருமுறை கேட்ட ஆசிரியர், வகுப்பில் அதையே சொல்லத் தயங்க மாட்டார்.

சுடரோடு வேலை செய்யும்போது தலைமுடியைக் கட்டச் சொல்லுங்கள், தளர்ந்த உடையைச் செருகச் சொல்லுங்கள், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், களிம்பு தடவ அவசரம் வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கண் என்றால் மருத்துவர்.

## நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை

முழுக் கறுப்பா? கீழே இருக்கும் கண்ணாடி வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா, மேலே சுழலும் வில்லைத் தட்டு 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா, இந்த இரண்டுதான். கண்ணாடியை மறந்தும் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். முழு வெள்ளையா? குறைந்த உருப்பெருக்கத்துக்கு வாருங்கள். எல்லோரும் பெரிய எண்ணில்தான் ஆரம்பிப்பார்கள். வில்லையைக் கீழே இறக்கும்போது பக்கவாட்டில் இருந்து கண்ணால் பார்த்து இறக்குங்கள். பிறகு கண்ணை வைத்து மேலே ஏற்றிக்கொண்டே தேடுங்கள். ஸ்லைடு உடையாது.

தடித்த கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டங்களாகத் தெரிந்து, "செல் கிடைச்சிடுச்சு!" என்று யாராவது கத்தினால், மன்னிக்கவும், அது காற்றுக் குமிழி. மேலே போடும் மெல்லிய கண்ணாடியைப் பொத்தென்று வைக்காமல், ஒரு ஓரத்தைத் தண்ணீரில் தொட்டுச் சாய்வாக இறக்கினால் குமிழி வராது. கம்பி கம்பியாக எதுவோ அசைந்தால் அது பார்ப்பவரின் கண்ணிமை முடி.

வில்லைக்குள் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, திருகு பிடித்துக்கொண்டாலோ கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வில்லையைப் பிரித்துத் துடைக்க முயன்று, திரும்பப் பூட்டத் தெரியாமல் ஒரு நுண்ணோக்கியை உதிரிப்பாகமாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

## விதை முளைக்கவில்லை

தண்ணீர் அதிகம். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், விதை மூழ்கக் கூடாது. அடுத்த சந்தேகம் பழைய விதை. விதை சிவப்பு, நீலம் என்று சாயம் பூசினாற்போல் இருந்தால் அது மருந்து தடவியது, கையில் கொடுக்கவே கூடாது. பயிற்சி நாளில் எல்லா நிலையும் காட்ட வேண்டும் என்றால் ஆறு நாள் முன்பிருந்து தினம் ஒரு தொகுதி ஊறப் போடுங்கள்.

## ஒருவர் செய்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள்

பொருள் எல்லாம் வேலை செய்கிறது, பயிற்சி வேலை செய்யவில்லை. ஒரு மேசையை ஐந்து நிமிடம் கவனித்து, பொருளைத் தொட்ட கைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஆறு பேர் இருக்கும் மேசையில் பெரும்பாலும் மூன்று கைதான் வரும், அதில் இரண்டு ஒரே ஆளுடையதாக இருக்கும்.

செலவில்லாத காரணம், பெட்டி யார் முன்னால் வைக்கப்பட்டது என்பதே. பேசாமல் இருக்கும் ஆசிரியரின் பக்கம் அதைத் தள்ளி வையுங்கள், கருத்தாளர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அடுத்தது குழு பெரிதாக இருப்பது. ஆறு பேருக்கு ஒரு பெட்டி என்றால் நான்கு பேர் பார்வையாளர்கள். பெட்டி குறைவாக இருந்தாலும், பாதிப் பேர் கணிப்பை எழுத, பாதிப் பேர் செய்ய, பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளட்டும். கையில் பேனா பிடித்துக் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பவர்களிடம், குறிப்பை நானே கடைசியில் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்படியும் கை நீளவில்லை என்றால் அது பயம். மேலதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தப்பு செய்யத் தைரியம் வராது. அவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து ஒயரின் உறையைச் சீவச் சொல்லுங்கள். நான் இதைச் செய்திருக்கிறேன். அவருக்கும் பல்பு எரியவில்லை, அதற்கப்புறம் அறை சகஜமாகிவிட்டது.

## பயிற்சி நன்றாக நடந்தது, வகுப்புக்குப் போகவில்லை

பெட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டிய அலமாரியில். சாவி? இன்னொருவரிடம். இது காரணமாக இருந்தால் நம்மால் தீர்க்க முடியாது, தலைமையாசிரியரிடம் பேச வேண்டிய விஷயம். பாடவேளை போதாமை, நாற்பது குழந்தைக்கு இரண்டே பெட்டி என்பவையும் அவரிடம் போக வேண்டியவைதான். பயிற்சியை இன்னும் விறுவிறுப்பாக்கி இவற்றைச் சரிக்கட்ட முயன்று நிறையக் காலத்தை வீணாக்கியிருக்கிறேன்.

அலமாரி திறந்தே இருந்தால், தீர்ந்துபோன பொருள் எது என்று கேளுங்கள். செல், மெழுகுவர்த்தி, பலூன் என்ற வரிசையில்தான் தீரும். மாற்றுச் செல் வாங்குவது யார் பொறுப்பு என்பதைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

செல்லும் இருக்கிறது, அலமாரியும் திறந்திருக்கிறது, இருந்தும் செய்யவில்லை என்றால், நாற்பது குழந்தைகள் முன்னால் எரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் மிச்சம். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து கடைசி ஒரு மணி நேரப் 'பழுது மேசை'. ஒவ்வொரு பெட்டியிலும் தெரிந்தே பழுதைப் போட்டு வைப்பேன். தேய்க்காத எனாமல் கம்பி, தீர்ந்த செல், இழை அறுந்த பல்பு என்று சிலதில் மூன்றும் சேர்ந்தே இருக்கும். நல்ல பொருள்கள் அறை நடுவில் ஒரு தட்டில் இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றுதான் எடுக்கலாம், எடுப்பதற்கு முன் எது பழுது என்று சொல்ல வேண்டும்.

போன முறை ஒரு டீச்சர் மூன்றையும் கண்டுபிடித்து மாற்றிவிட்டார். பல்பு எரியவில்லை. தட்டுக்கு வராமல் அங்கேயே உட்கார்ந்து, ஒயரை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை அடுக்கியவன் நான், அதில் மூன்று பழுதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால் போய் உதவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சேஃப்டி பின்னைக் கழற்றி, செல் ஹோல்டரின் ஸ்பிரிங் நுனியைச் சுரண்டினார். பச்சையாகத் துரு உதிர்ந்தது. பல்பு எரிந்தது.

"நாலாவதை நல்லா ஒளிச்சு வெச்சிருந்தீங்க சார்" என்றார்.